காசநோய் இல்லாதவளுக்கு எதற்கு டாக்டர் காசநோய் மாத்திரை?

பல்லடம் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து 33 வயதுப் பெண் ஒருவர் எழுதியிருக்கிறார். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறார். கணவர் வீட்டை ஒட்டியே எட்டுத் தறி போட்டு ஓட்டுகிறார். ஒன்பது வயதில் ஒரு மகள். கடிதம் நான்கு பக்கம் இருப்பதால் சுருக்கித் தருகிறேன். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றிவிட்டேன்.

அவருக்கு ஒன்பது வருடமாகச் சொரியாசிஸ். முழங்கை, முட்டி, தலைமுடிக்குள் எல்லாம் செதில் செதிலாக உரிகிறது. மூன்று வருடமாக மூட்டு வலியும் சேர்ந்துகொண்டது. வலது கையில் இரண்டு விரல்கள் அடியிலிருந்து நுனிவரை கோவைக்காய் போல வீங்கி நிற்கின்றன. நகங்களில் குண்டூசியால் குத்தியது மாதிரி குட்டிக் குட்டிப் பள்ளங்கள். காலையில் எழுந்தால் ஒன்றரை மணி நேரம் விரல் மடங்காது. “சீப்பைப் பிடிக்க முடியறதில்லைங்க. என் மகள்தான் தினமும் எனக்குத் தலை வாரிவிடுறா” என்கிறார்.

நடுவில் சந்தையில் ஒருவர் கொடுத்த பொட்டல மருந்தை மூன்று மாதம் சாப்பிட்டிருக்கிறார். வலியும் செதிலும் மாயமாய் மறைந்து, முகம் மட்டும் உப்பிப் போயிருக்கிறது. நிறுத்திய பத்தாம் நாளே எல்லாம் இரண்டு மடங்காகத் திரும்பிவிட்டது. அதன் பிறகுதான் கோவையில் மூட்டு நோய் மருத்துவரிடம் போயிருக்கிறார். அவர் கொடுத்தது மெத்தோட்ரெக்சேட் 15 மில்லிகிராம், வாரம் ஒரு முறை. எட்டு மாதத்தில் பாதி குணம் தெரிந்தது. விரல் வீக்கம் மட்டும் வடியவில்லை. அடுத்து ‘அடலிமுமாப்’ என்ற ஊசி போடலாம் என்று சொல்லி, அதற்கு முன் சில பரிசோதனைகள் செய்திருக்கிறார்கள். காசநோய்க் கிருமி உள்ளே இருக்கிறதா என்று பார்க்கக் கையில் போட்ட மாண்டோ சோதனை 14 மில்லிமீட்டர் தடித்தது, இக்ரா என்ற ரத்தப் பரிசோதனையும் பாசிட்டிவ். நெஞ்சு எக்ஸ்ரே சுத்தம். இருமல், காய்ச்சல் எதுவும் இல்லை. ஆனாலும் வாரம் ஒரு முறை வீதம் 12 வாரத்துக்குக் காசநோய் மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

மூன்று வாரம் சாப்பிட்டார். சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போனது. மருந்துக் கடையில் ஒருவர், “உங்களுக்கு டிபிங்களா?” என்று பத்துப் பேர் முன்னால் கேட்டுவிட்டார். மாமியாருக்குப் பதற்றம், ஏனென்றால் இரண்டு வருடத்துக்கு முன்புதான் மாமனாருக்குக் காசநோய் வந்து, ஆறு மாதம் மருந்து சாப்பிட்டுக் குணமானது. மாத்திரை அன்றோடு நின்றது. ஐந்து வாரம் ஆகிறது.

“எனக்கு டிபி இல்லைன்னு டாக்டரே சொல்றாரு. அப்புறம் எதுக்குங்க டிபி மாத்திரை? அந்த ஊசி எதிர்ப்பு சக்தியை ஒட்டுக்க அழிச்சுப்போடும், எய்ட்ஸ் மாதிரி ஆயிரும்னு எல்லாரும் சொல்றாங்க. மாத்திரையை விட்டுட்டு நேரா ஊசி மட்டும் போட்டுக்கலாமா? இல்லை ஊசியே வேண்டாமா? இன்னொரு குழந்தை பெத்துக்கணும்னு ஆசை. வீட்டுக்காரர் அஞ்சு பவுனை அடகு வைக்கிறேங்கிறார்.”

*

அம்மணி, உங்கள் கேள்விகளுக்கு வருவதற்கு முன்னால் நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

நாளைக் காலையே செய்ய வேண்டியது

மூன்றாம் பக்கத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: வலி பொறுக்க முடியாத வாரங்களில் செவ்வாய்க்கிழமை போடும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரையை வெள்ளிக்கிழமையும் ஒருமுறை போட்டுக்கொள்வேன், இப்போது பத்து நாளாக வாயெல்லாம் புண், காரம் சாப்பிட முடியவில்லை என்று. கடிதம் முழுவதிலும் என்னைப் பயப்பட வைத்த வரி அதுதான். ஊசியைப் பற்றி எழுதிய எதுவும் அந்த அளவுக்குப் பயப்பட வைக்கவில்லை.

மெத்தோட்ரெக்சேட் வலி மாத்திரை அல்ல. இன்றைக்குப் போட்டால் இன்றைக்கே வலி குறைவதற்கு அதில் ஒன்றும் இல்லை. உடம்பில் வேகமாகப் பெருகும் செல்களைக் கட்டுப்படுத்துவதுதான் அதன் வேலை, அதற்கு வாரக்கணக்கில் நேரம் எடுக்கும். வாரத்துக்கு ஒரு நாள் என்ற கணக்கில் அது நல்ல, பாதுகாப்பான மருந்து. அந்தக் கணக்கை மீறினால் முதலில் அடி வாங்குவது வாயின் உள்தோலும், ரத்தம் ஊறும் எலும்பு மஜ்ஜையும். அதனால் இந்த வாய்ப்புண்ணை உடம்புச் சூடு என்று நினைத்து மணத்தக்காளிக் கீரையோடு விட்டுவிடாதீர்கள். நாளைக் காலை முதல் வேலையாக ரத்த அணுக்கள், கல்லீரல், சிறுநீரகம் மூன்றையும் பரிசோதியுங்கள். உங்கள் மருத்துவரைக் கூப்பிட்டு, கூடுதலாகப் போட்டதை மறைக்காமல் சொல்லுங்கள். அவர் சரி என்று சொல்லும்வரை அடுத்த செவ்வாய் மாத்திரை வேண்டாம். காய்ச்சல் வந்தாலோ, ஈறில் ரத்தம் கசிந்தாலோ, மூச்சு வாங்கினாலோ காலை வரைக்கும்கூடக் காத்திருக்க வேண்டாம்.

திட்டுவார் என்று பயப்படாதீர்கள். என்னிடம் வருகிறவர்களில் இப்படிச் செய்தவர்கள் பலர். ‘வாரம் ஒரு முறை’ என்பதை உட்கார வைத்து இரண்டு தடவை சொல்லிக் கொடுப்பது எங்கள் பொறுப்பு. அது உங்கள் விஷயத்தில் சரியாக நடக்கவில்லை என்று நினைக்கிறேன்.

அந்த மாத்திரை எதற்கு

மாமனார் ஒரே வீட்டில் இருமிக்கொண்டிருந்த மாதங்களில் காசநோய்க் கிருமி உங்கள் நுரையீரலுக்குள்ளும் போயிருக்கலாம். அல்லது அதற்கும் முன்னாலேயே, பேருந்திலோ கம்பெனியிலோ எங்கோ போயிருக்கலாம். இது உங்கள் குடும்பத்துக்கு மட்டும் நேர்ந்த விஷயமில்லை. 2019 முதல் 2021 வரை நாடு முழுக்க நடந்த அரசு ஆய்வில், 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் 31.4 சதவீதம் பேருக்கு இப்படிக் கிருமி உள்ளே இருப்பது தெரிந்தது. அவர்களில் பெரும்பாலானவர்களுக்கு ஆயுள் முழுக்க நோய் வராது. உடம்பு அந்தக் கிருமியைக் கொல்லாமல், அதைச் சுற்றிச் செல்களால் ஒரு சுவர் எழுப்பி அடைத்து வைத்துவிடுகிறது. கிருமி உள்ளே உறங்கும். எக்ஸ்ரேயில் தெரியாது, சளியில் வராது, அடுத்தவருக்குப் பரவாது. ‘உங்களுக்கு டிபி இல்லை’ என்று மருத்துவர் சொன்னதும் உண்மை, சோதனை பாசிட்டிவ் என்பதும் உண்மை. இரண்டுக்கும் முரண் இல்லை.

இப்போது ஊசிக்கு வருவோம். உங்கள் விரலை வீங்க வைப்பதும் தோலைச் செதிலாக்குவதும், உடம்பே அளவுக்கு மீறிச் சுரக்கும் டிஎன்எஃப் என்ற ஒரு வேதிப்பொருள். அடலிமுமாப் அதைப் பிடித்துக் கட்டிப்போடுகிறது. வீக்கம் வடிகிறது. ஆனால் காசநோய்க் கிருமியைச் சுற்றி எழுப்பிய அந்தச் சுவருக்குச் சாந்தாக இருந்து கற்களைப் பிடித்து வைத்திருப்பதும் இதே டிஎன்எஃப்தான். சாந்து கரைந்தால் சுவர் பெயரும், உள்ளே உறங்கியது எழுந்து வரும்.

இது வெறும் ஊகமில்லை. இதே குடும்பத்தைச் சேர்ந்த இன்ஃபிளிக்ஸிமாப் என்ற மருந்து புழக்கத்துக்கு வந்த சில வருடங்களில், அதைப் போட்டுக்கொண்ட 70 பேருக்குக் காசநோய் வந்ததாக 2001-ல் ஒரு கட்டுரை வெளியானது. அவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு நோய் நுரையீரலுக்கு வெளியே வந்திருந்தது. அதற்குப் பிறகுதான், ஊசிக்கு முன் காசநோய்ச் சோதனை, உறங்கும் கிருமி இருந்தால் முதலில் அதற்கு மருந்து என்பது உலகம் முழுக்க வழக்கமானது. நம் ஊரில் இதை விட்டுக்கொடுக்கவே கூடாது.

ஆக, நீங்கள் குப்பையில் போட நினைக்கிற அந்த மாத்திரைதான் இந்த ஊசியை உங்களுக்குப் பாதுகாப்பானதாக ஆக்குகிறது. ‘மாத்திரை வேண்டாம், ஊசி மட்டும் போதும்’ என்பது மட்டும் என்னால் ஒத்துக்கொள்ள முடியாத வழி. ஊசியே வேண்டாம் என்றால்கூட உட்கார்ந்து பேசலாம். இதைப் பேசுவதற்கு இடமே இல்லை.

சிறுநீர் ஆரஞ்சாகப் போனது ரத்தம் அல்ல. 12 வார மருந்தில் ஐசோனியசிட்டோடு இருக்கும் ரிஃபாபென்டின் என்ற மருந்தின் நிறம் அது. கண்ணீர்கூட லேசாக நிறம் மாறும், உள்ளாடையில் கறை படியும். கெடுதல் இல்லை. பயப்பட வேண்டியது வேறு: பசி சுத்தமாக அற்றுப்போய், வாந்தி வந்து, கண் மஞ்சளாகி, சிறுநீர் தேயிலைச் சாறு போல அடர்ந்தால் அது கல்லீரலின் அறிகுறி. மெத்தோட்ரெக்சேட்டும் கல்லீரலைத் தொடும், ஐசோனியசிட்டும் தொடும். இரண்டும் சேரும் காலத்தில் மாதம் ஒருமுறை கல்லீரல் பரிசோதனை தவறக் கூடாது. வீட்டில் யாருக்கும் தெரியாமல் குடிக்கும் எந்தக் கஷாயமும் அப்போது வேண்டாம்.

ஐந்து வாரம் விட்டுப்போனதால் விட்ட இடத்திலிருந்து தொடர்வதா, முதலிலிருந்து தொடங்குவதா என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். இந்தத் தடுப்பு மருந்து அரசு காசநோய்த் திட்டத்தில் இலவசம். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டால் வழி சொல்வார்கள். தொடங்கி ஒரு மாதம் ஆனதும் பொதுவாக ஊசியை ஆரம்பிக்கலாம், 12 வாரமும் காத்திருக்க வேண்டியதில்லை. மருந்துக் கடையில் யாராவது மறுபடி கேட்டால், “வராமல் இருக்கத்தான் சாப்பிடுகிறேன்” என்று சொல்லுங்கள். மாமியாரிடமும் அதே வார்த்தைதான்.

“எய்ட்ஸ் மாதிரி ஆயிரும்”

ஆகாது. எச்ஐவி கிருமி, எதிர்ப்பு சக்தியைத் தாங்கும் செல்களையே அழிக்கிறது. இந்த ஊசி அந்தச் செல்களை அப்படி அழிப்பதில்லை. உடம்புக்குள் ஓடும் பல செய்திகளில் ஒன்றின் குரலை மட்டும் தாழ்த்துகிறது. நிறுத்தினால் சில மாதங்களில் உடம்பை விட்டு முழுதாக வெளியேறிவிடும். ஸ்டீராய்டும் இல்லை. நீங்கள் சந்தையில் வாங்கிச் சாப்பிட்ட பொட்டலத்தில் ஸ்டீராய்டு இருந்திருக்க வாய்ப்பு அதிகம். முகம் உப்பியதும், நிறுத்தியதும் நோய் பாய்ந்து வந்ததும் அதன் கைவரிசைதான். சொரியாசிஸ் உள்ளவர்கள் ஸ்டீராய்டு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் உடம்பெல்லாம் சீழ்க் கொப்புளமாகி உயிருக்கே ஆபத்தாகலாம். நீங்கள் தப்பித்துக்கொண்டீர்கள். மருந்தின் பெயர் எழுதாத பொட்டலத்தை இனித் தொடாதீர்கள். சித்த மருத்துவத்தைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. படித்துப் பதிவு செய்த சித்த மருத்துவர் என்ன மருந்து என்று சீட்டில் எழுதித்தான் கொடுப்பார். அந்தச் சீட்டை எனக்கும் காட்டுங்கள் என்பேன்.

சரி, ஊசியில் ஆபத்தே இல்லையா? இருக்கிறது. தொற்று நோய்கள் வழக்கத்தைவிடச் சற்றுக் கூடுதலாக வரும், வந்தால் வேகமாக முற்றும். காய்ச்சல், சீழ்க்கட்டி, சிறுநீர் எரிச்சல் எதுவாக இருந்தாலும் அந்தத் தவணை ஊசியை ஒத்திவைத்துவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். உயிருள்ள கிருமியைக் கொண்டு செய்த தடுப்பூசிகள் கூடாது. ஃப்ளூ, நிமோனியா தடுப்பூசிகள் போடலாம், அவற்றை ஊசி தொடங்கும் முன்பே போட்டுக்கொள்வது நல்லது. மஞ்சள் காமாலை பி, சி, எச்ஐவி சோதனைகள் செய்தார்களா என்று கடிதத்தில் இல்லை, கேட்டுக்கொள்ளுங்கள். உறங்கும் பி வகைக் கிருமியும் இந்த ஊசியால் விழித்துக்கொள்ளும். இதயம் பலவீனமானவர்களுக்கு இது ஏற்காது. புற்றுநோய் பயம் பற்றியும் கேட்டிருந்தீர்கள். நிணநீர்க் கட்டி, தோல் புற்று ஆகியவற்றைப் பற்றிய எச்சரிக்கை மருந்துத் தாளில் இருக்கும். உங்கள் வயதில் அது மிகச் சிறிய ஆபத்து. புதிதாக ஏதாவது மச்சமோ கட்டியோ வளர்ந்தால் காட்டுங்கள்.

ஒன்று மட்டும் அழுத்திச் சொல்கிறேன். நம் பக்கத்தில் யாருக்கு இருமல் வந்தாலும் ‘பஞ்சுத் தூசி’ என்று சொல்லிவிடுவது பழக்கம். சோமனூர்ப் பக்கமிருந்து வந்த ஒரு தறிக்காரர் இந்த ஊசி போட்டுக்கொண்டிருந்தபோது இரண்டு மாதம் அப்படியே சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியில் கழுத்தில் எலுமிச்சை அளவுக்குக் கட்டி வந்த பிறகுதான் காட்டினார். காசநோய். ஊசியை நிறுத்தி, முழு மருந்தும் கொடுத்துக் காப்பாற்றினோம், ஆனால் அந்த இரண்டு மாதம் அநாவசியம். செக்கிங் டேபிளில் உட்கார்ந்திருக்கும் உங்களுக்கு இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால், மாலையானால் காய்ச்சல் அடித்தால், ஜாக்கெட் தொளதொளவென்று ஆகும்படி உடம்பு இளைத்தால், கழுத்திலோ அக்குளிலோ கட்டி தென்பட்டால் தூசியின் மேல் பழி போடாமல் வந்துவிட வேண்டும். இருமல் இல்லாமலும் வரும் என்பதால்தான் கட்டியையும் எடை குறைவதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

ஊசி போடாவிட்டால்?

இந்தக் கேள்வியை நீங்கள் கேட்கவில்லை. ஆனால் தராசின் அடுத்த தட்டில் இருப்பது இதுதான். கோவைக்காய் போல வீங்கிய அந்த இரண்டு விரல்களுக்குள் இப்போது எலும்பின் ஓரம் அரித்துக்கொண்டிருக்கலாம். வீக்கத்தை மருந்தால் வடியவைக்க முடியும், அரித்துப்போன எலும்பை எந்த மருந்தாலும் திரும்பக் கொண்டுவர முடியாது. செக்கிங் வேலையே விரல்தான். துணியை விரித்து, தடவிப் பார்த்து, ஓட்டையும் கறையும் கண்டுபிடித்து, பிசிறு வெட்டும் கை. மெத்தோட்ரெக்சேட் எட்டு மாதம் கொடுத்துப் பார்த்தும் விரல் வீக்கம் நிற்கிறது என்றால், அடுத்த படிக்குப் போக வேண்டும் என்று உங்கள் மருத்துவர் சொன்னது சரிதான்.

வேறு வழிகளும் உண்டு. செக்குகினுமாப் என்ற ஊசி வேறொரு வேதிப்பொருளைத் தடுப்பது. தோலுக்கு மிக நன்றாகக் கேட்கும், காசநோய் கிளம்பும் பயமும் குறைவு. எடனர்செப்ட் வாரம் ஒரு முறை போடுவது, அதிலும் காசநோய் ஆபத்து அடலிமுமாபைவிடக் குறைவு, தோலுக்கு மட்டும் சற்று மெதுவாகக் கேட்கும். மாத்திரையாக டோஃபாசிட்டினிப் இருக்கிறது. மாத்திரை என்பதாலேயே லேசானது என்று எண்ண வேண்டாம். அதற்கும் இதே காசநோய்ச் சோதனை தேவை, அக்கி வரும் வாய்ப்பும் கூடுதல். உங்கள் இடத்தில் என் மகள் இருந்தால், தடுப்பு மாத்திரையை முடித்துக்கொண்டு அடலிமுமாப் பக்கம்தான் நான் சாய்வேன். காரணம் அடுத்தது.

இன்னொரு குழந்தை

தாராளமாகப் பெற்றுக்கொள்ளலாம், ஆனால் இப்போது கூடாது. மெத்தோட்ரெக்சேட் கருவைக் கலைக்கும், குழந்தைக்குக் குறை உண்டாக்கும். அதை நிறுத்தி மூன்று மாதமாவது ஆன பிறகே கருத்தரிக்க வேண்டும், உங்கள் மருத்துவர் இன்னும் கூடுதலாகச் சொன்னால் அதுவே கணக்கு. டோஃபாசிட்டினிப்பும் அந்தக் காலத்துக்கு ஆகாது. டிஎன்எஃப் ஊசிகளோ கர்ப்ப காலத்தில் நிறையப் பெண்களுக்குப் பயன்பட்டு, அனுபவம் சேர்ந்தவை. இதனால்தான் அவற்றின் பக்கம் சாய்கிறேன் என்றேன்.

கருத்தடைக்கு மாலா-டி மாத்திரை சாப்பிடுவதாக எழுதியிருக்கிறீர்கள். யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை என்று நினைக்கிறேன்: ரிஃபாபென்டின் சாப்பிடும் காலத்தில் கருத்தடை மாத்திரை சரியாக வேலை செய்யாது. ஒருபக்கம் மெத்தோட்ரெக்சேட், மறுபக்கம் நம்ப முடியாத கருத்தடை என்பது கெட்ட சேர்க்கை. தடுப்பு மருந்து முடிந்து ஒரு மாதம் வரைக்கும் ஆணுறை பயன்படுத்துங்கள், அல்லது காப்பர்-டி போட்டுக்கொள்ளுங்கள். இந்த மாதம் நாள் தள்ளியிருந்தால், மேற்கொண்டு எந்த மாத்திரையும் போடும் முன் சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை செய்துவிடுங்கள்.

பிறகு கர்ப்பமாகி, கடைசி மூன்று மாதத்திலும் ஊசி தொடர்ந்திருந்தால், மருந்து நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தையின் உடம்பிலும் இருக்கும். நம் ஊரில் பிறந்தவுடன் போடும் பிசிஜி தடுப்பூசி உயிருள்ள கிருமி. வாயில் விடும் போலியோ சொட்டும் ரோட்டா சொட்டும் அப்படியே. இவற்றை ஆறு மாதம் தள்ளிப்போட வேண்டும். இது தெரியாமல் பிசிஜி போட்டுக் குழந்தை இறந்த சம்பவம் வெளிநாட்டில் பதிவாகியிருக்கிறது. பிரசவ அறையில் இதை நினைவில் வைத்திருப்பது உங்கள் அம்மாவாகவோ கணவராகவோ இருக்கட்டும். அட்டையில் சிவப்பு மையில் எழுதி வைத்துவிடுங்கள்.

அடகுக் கடைக்குப் போகும் முன்

இந்த மருந்தின் விலை முன்பு போல இல்லை. அடலிமுமாபுக்கு இணையான மருந்தை உலகிலேயே முதன்முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்தது ஓர் இந்திய நிறுவனம், 2014 டிசம்பரில். இப்போது பல கம்பெனிகள் தயாரிக்கின்றன, விலையும் கம்பெனிக்குக் கம்பெனி மாறுகிறது. பெரும்பாலும் 15 நாளைக்கு ஒருமுறை 40 மில்லிகிராம், தோல் பாதிப்பு அதிகமானால் முதல் ஊசி மட்டும் 80. மூன்று மாதம் பார்த்தால் கேட்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். அதனால் ஒரு வருடத்துக்கான பணத்தை முன்கூட்டியே புரட்ட வேண்டாம்.

அதற்கும் முன்னால், உங்கள் சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள். இஎஸ்ஐ என்று 0.75 சதவீதம் பிடிக்கிறார்களா? முதலாளியும் 3.25 சதவீதம் கட்டியாக வேண்டும். பிடிக்கிறார்கள் என்றால் அது உங்கள் பணம், அதற்கான சிகிச்சை உங்கள் உரிமை. உங்கள் இஎஸ்ஐ மருந்தகத்துக்கு எல்லா ரிப்போர்ட்டும் எடுத்துப்போய், சிங்காநல்லூர் இஎஸ்ஐ மருத்துவமனைக்குப் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். இரண்டு மூன்று நடை ஆகலாம், சளைக்காதீர்கள். நோய்க்காக லீவு போட நேர்ந்தால், தகுதிக்குத் தேவையான நாட்கள் வேலை செய்திருக்கும் பட்சத்தில், சராசரிக் கூலியில் 70 சதவீதம் வருடத்துக்கு 91 நாள் வரை அங்கிருந்து கிடைக்கும். ஐந்து பவுனைத் தொடுவதற்கு முன் இந்தக் கதவைத் தட்டிவிடுங்கள். வெளியில் வாங்குவதானால் பில்லும் பெட்டியும் பத்திரம். ஒரு கம்பெனி மருந்துக்குப் பதில் வேறொன்றைக் கடைக்காரர் நீட்டினால், மருத்துவரைக் கேட்காமல் வாங்காதீர்கள்.

ஃபிரிட்ஜும் குண்டமும்

இந்த ஊசி 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். உறைந்துபோனால் உருக்கிப் போடக் கூடாது, தூக்கி எறிய வேண்டியதுதான். ஃபிரிட்ஜின் கதவிலோ ஃப்ரீசருக்கு ஒட்டியோ வைக்காமல் நடுத்தட்டில் வையுங்கள். தறி ஓடும் ஊரில் மின்வெட்டு உங்களுக்குப் புதிதில்லை. கரண்ட் போனால் கதவைத் திறக்காமல் விட்டாலே சில மணி நேரம் குளிர் நிற்கும். ‘அறை வெப்பத்தில் 14 நாள் வைக்கலாம்’ என்று சில மருந்துத் தாள்களில் படித்திருப்பீர்கள். அங்கே அறை வெப்பம் என்பது 25 டிகிரி. சித்திரை மாதத்துப் பல்லடத்துக்கு அது பொருந்தாது. கோவையிலிருந்து வாங்கி வரும்போது ஐஸ் பையில், ஐஸ் நேரடியாகப் படாமல் நடுவே ஒரு துணி வைத்துக் கொண்டுவாருங்கள்.

போடுவது பெரிய வித்தையில்லை. அரை மணி நேரம் முன்னால் வெளியே எடுத்து வையுங்கள். சுடுதண்ணீரில் போடாதீர்கள், குலுக்காதீர்கள். குளிர் போனால் எரிச்சல் பாதியாகும். தொடையின் முன்பக்கம், அல்லது தொப்புளிலிருந்து மூன்று விரல் அகலம் தள்ளி வயிறு. செதில் இருக்கும் இடத்திலும், போன தடவை போட்ட இடத்திலும் வேண்டாம். முதல் இரண்டு ஊசியைச் செவிலியர் முன்னிலையில் போடுங்கள். உங்கள் விரல் மடங்காத காலையில் கணவர் போட்டுவிடும்படி அவருக்கும் பழக்கிவிடுங்கள்.

வீட்டில் எருமை இருப்பதால் சொல்கிறேன்: கறந்த பாலைக் காய்ச்சாமல் யாரும் குடிக்க வேண்டாம், நீங்கள் குடிக்கவே கூடாது.

குணமானால் பங்குனியில் பண்ணாரியில் குண்டம் (தீமிதி) இறங்குவதாக வேண்டிக்கொண்டதாக எழுதியிருந்தீர்கள். அம்மன் மீதான உங்கள் நம்பிக்கையில் நான் குறுக்கே வரவில்லை. ஒரு மருத்துவராக மட்டும் சொல்கிறேன்: இந்த ஊசி போடும் காலத்தில் காலில் தீக்காயம் பட்டால் சீழ் பிடிக்கும் ஆபத்து அதிகம். சொரியாசிஸுக்கு இன்னொரு குணமும் உண்டு. தோல் எங்கே காயப்பட்டாலும், கீறினாலும், சுட்டாலும், அந்த இடத்தில் புதுச் செதில் கிளம்பும். உள்ளங்காலில் அது வந்தால் நடப்பதே சிரமம். அலகு குத்துவதற்கும் இதேதான். வேண்டுதலை வேறு விதமாகச் செலுத்த முடியுமா என்று கோயிலில் கேட்டுப்பாருங்கள்.

கடைசிப் பக்கத்து ஓரத்தில் எழுதியது

ஓரமாக, சின்ன எழுத்தில் கேட்டிருந்தீர்கள்: “தினமும் என் தலையைத் தொடுறாளே, என் மகளுக்கு ஒட்டிக்குங்களா?” கம்பெனியில் சிலர் உங்கள் டம்ளரைத் தொடுவதில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். சொரியாசிஸ் கிருமியால் வருவதல்ல. தொட்டாலும், ஒரே தட்டில் சாப்பிட்டாலும், ஒரே சீப்பில் வாரினாலும், ஒரே பாயில் படுத்தாலும் பரவாது. பெற்றவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சற்றுக் கூடுதல் என்பது உண்மை, ஆனால் அது பிறவியோடு வருவது, தொடுவதால் வருவதல்ல. பெரும்பாலான பிள்ளைகளுக்கு வருவதும் இல்லை. அவள் தலையிலோ முட்டியிலோ செதில் தென்பட்டால் காட்டுங்கள், அவ்வளவுதான்.

ஊசி கேட்டு, விரல் மடங்கத் தொடங்கினால், சீப்பை நீங்களே பிடித்துவிடுவீர்கள். அதுவரைக்கும் அவளே வாரிவிடட்டும்.